ஐந்தாம் நாள் அதிகாலையில் கேட்ட ஒலி: மாரடைப்புக்குப் பின் இதய இடைச்சுவர் கிழிந்த ஒரு நிகழ்வு

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்களிடம் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) கருவி உண்டு, ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேப் கிடையாது. இதய அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். இங்கே எழுதியிருப்பது எங்கள் வார்டில் தொடங்கி அங்கே முடிந்த ஒரு நோயாளியின் கதை. குடும்பத்தாரிடம் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவக் குறிப்புகளில் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

அறுபத்தாறு வயதுப் பெண்மணி. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் கட்டிக் கொடுப்பவர். எட்டு வருடமாக இரத்தக் கொதிப்பு. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார், தீர்ந்துவிட்டால் அடுத்த மாதம் வாங்குவார். சர்க்கரை இல்லை. அதற்கு முன் நெஞ்சு வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டால் நல்ல செய்தி போலத் தோன்றும். உண்மையில் அப்படியல்ல. பல வருடமாக நடந்தால் வலி, நின்றால் சரி என்று இருப்பவர்களுக்கு, அடைபட்டு வரும் இரத்தக்குழாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மாற்றுப் பாதைகள் உருவாகியிருக்கும். பெரிய குழாய் ஒருநாள் முழுதாக மூடினாலும் அந்தச் சந்துகள் வழியாகக் கொஞ்சம் இரத்தம் போய்க்கொண்டிருக்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முதல் தடவையே முழு அடைப்பு வருபவருக்கு அந்த வசதி இல்லை. தசை சுவரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை முழுக் கனத்துக்கும் சாகிறது. மாரடைப்புக்குப் பின் இதயச் சுவர் கிழிபவர்களில் வயதானவர்கள், பெண்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், முதல் மாரடைப்புக்காரர்கள், தாமதமாக வந்தவர்கள் ஆகியோரே அதிகம். இந்தப் பட்டியலில் இவருக்குப் பொருந்தாதது எதுவுமில்லை. அது அன்றைக்கு என் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வலி தொடங்கியது. "நெஞ்சுக்குழியில கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு" என்று பின்னால் சொன்னார். வியர்வை, ஒரு தடவை வாந்தி. அன்று ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டிருந்ததால் வீட்டில் எல்லாருக்கும் அது வாயுவாகத்தான் தெரிந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு சுக்குக் காபி, பிறகு சோடா. விடிந்ததும் பக்கத்து கிளினிக்கில் கேஸ் டிரபிளுக்கு ஒரு ஊசியும் மாத்திரையும் கிடைத்தன. ஈ.சி.ஜி. எடுக்கப்படவில்லை. திங்கள் மதியம் வலி குறைந்தது. எல்லாரும் நிம்மதியானார்கள். வலி குறைந்ததற்குக் காரணம் அந்த இடத்துத் தசை செத்து முடிந்ததாக இருக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

செவ்வாய் மாலை படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியது. மகள் 108-ஐ அழைத்தார். இரவு எட்டு மணிக்கு எங்களிடம் வந்தபோது வலி தொடங்கி 45 மணி நேரம் கடந்திருந்தது.

சேர்க்கையின்போது கண்டவை

நாடித்துடிப்பு 104, இரத்த அழுத்தம் 110/70, ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். இரு நுரையீரல்களின் அடியிலும் நீர் கோத்த இரைச்சல். ஈ.சி.ஜி.யில் வி1 முதல் வி5 வரை ஆழமான கியூ அலைகள், எஸ்.டி. பகுதி இன்னும் இறங்காமல் மேலேயே நின்றது. இதயத் தசை செத்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் பாசிட்டிவ். இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு, அதுவும் பழையதாகிக்கொண்டிருப்பது.

அன்றிரவு பணியிலிருந்த இளம் மருத்துவர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: "மர்மர் இல்லை. நான்கு இடங்களிலும் கேட்டேன்." மர்மர் என்பது இதயத்துக்குள் இரத்தம் சீராக ஓடாமல் கொந்தளித்துப் பாயும்போது கேட்கும் இரைச்சல். பெரும்பாலான கேஸ் ஷீட்டுகளில் இந்த இடத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கம்தான் இருக்கும், பல சமயம் ஸ்டெதாஸ்கோப்பை வைக்காமலே எழுதியது. இவர் கேட்டுவிட்டு எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்து எங்கள் முடிவுகள் எல்லாம் இந்த ஒற்றை வரியின் மேல்தான் நின்றன.

புதன் காலை எக்கோ எடுத்தோம். முன்சுவரும் இதய நுனியும், இரு கீழறைகளுக்கும் நடுவே நுனியை ஒட்டிய இடைச்சுவரும் அசைவற்றுக் கிடந்தன. பம்ப் செய்யும் திறன் 35 சதவீதம். வால்வில் கசிவு இல்லை, இதய உறைக்குள் நீர் இல்லை, இடைச்சுவரில் ஓட்டை இல்லை.

முதல் முடிவுகள், அவற்றின் காரணங்கள்

இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கவில்லை. அது முதல் 12 மணி நேரத்துக்கானது. அந்த நேரம் தாண்டிக் கொடுத்தால் தசையைக் காப்பாற்றுவது குறைவு, செத்த தசைக்குள் இரத்தம் கசிந்து சுவர் கிழியும் ஆபத்து கூடுதல். இந்த முடிவில் இப்போதும் எனக்கு மறுயோசனை இல்லை.

இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், இனாக்ஸாபெரின் ஊசி, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், நீர் பிரிய ஃப்ரூசிமைடு. நெஞ்சில் இன்னும் லேசாக வலி என்றபோது டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசிகளையோ ஸ்டீராய்டையோ போட வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதிவைத்தேன். ஆறிக்கொண்டிருக்கும் இதயத் தசைக்கு அவை நல்லதல்ல.

அடுத்த முடிவுதான் என்னை உறுத்துகிறது. புதன் மதியம் மருத்துவக் கல்லூரி இதயப் பிரிவுக்குப் பேசினேன். ஆஞ்சியோகிராம் தேவை, அனுப்பலாம் என்றார்கள். நான் வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னேன். மூச்சுத் திணறல் தணிந்திருந்தது, வலி போயிருந்தது, இட்லி சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் சீராகட்டும், பயணத்தைத் தாங்குவார் என்று நினைத்தேன். எந்த நாட்களில் சுவர் மிகவும் மெலிந்திருக்குமோ அதே நாட்களில், கிழிந்தால் எதுவும் செய்ய முடியாத இடத்தில் அவரை வைத்திருந்தேன்.

செத்த தசைக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் இது விளங்கும். முதல் நாள் அந்தத் தசை விறைப்பாகவே இருக்கும். பிறகு வெள்ளணுக்கள் உள்ளே புகுந்து செத்த நார்களைக் கரைத்துத் தின்னத் தொடங்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை பழைய தசை பாதி கரைந்திருக்கும், புதிய தழும்பு நார் இன்னும் வந்திருக்காது. சுவர் மிக மென்மையாக இருக்கும் நாட்கள் இவை. அந்தச் சுவர்மீது நிமிடத்துக்கு நூறு தடவை இடது கீழறையின் அழுத்தம் மோதிக்கொண்டிருக்கும். வெளிச்சுவர் கிழிந்தால் இதய உறைக்குள் இரத்தம் நிரம்பி இதயத்தை நசுக்கிவிடும், பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவர் கிழிந்தால் இடதிலிருந்து வலதுக்கு இரத்தம் பாயும். அது மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில் அவகாசம் தரும்.

வெள்ளி அதிகாலை

வியாழன் இரவு வரை மாற்றமில்லை. வெள்ளி காலை 5.40-க்கு இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் டியூட்டி டாக்டரை எழுப்பினார். மானிட்டர் அலறியதால் அல்ல. "டாக்டர், பாட்டி ராத்திரி இருந்த மாதிரி இல்ல. பேசமாட்டேங்கிறாங்க, கை ஜில்லுனு இருக்கு. ஒருக்கா வந்து பாருங்க." அழுத்தம் பார்த்தால் 84/60. நாடி 126. முந்தைய ஒரு மணி நேரத்தில் சிறுநீர் 15 மில்லி.

மாரடைப்பு பெரிதாகிவிட்டதோ என்றுதான் டியூட்டி டாக்டர் முதலில் நினைத்தார். ஈ.சி.ஜி. எடுத்தார். புதிய மாற்றம் எதுவுமில்லை. என்னை அழைத்தார். 6.10-க்கு வார்டுக்கு வந்தேன்.

மார்பெலும்பின் இடதுபக்கக் கீழ் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தேன். பூனை உறுமும்போது அதன் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்த அதிர்வு. ஸ்டெதாஸ்கோப் வைத்தால், ஒவ்வொரு துடிப்பிலும் தொடக்கம் முதல் இறுதி வரை முரட்டுத்தனமான மர்மர். நேற்றுவரை இல்லாதது. இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? செவ்வாய் இரவு ஒருவர் கேட்டு எழுதியிருந்தார், புதனும் வியாழனும் நான் கேட்டிருந்தேன். அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால், வயதானவர்தானே, பழைய வால்வுக் கோளாறாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

மாரடைப்புக்குச் சில நாள் கழித்துத் திடீரென அழுத்தம் விழுந்தால் மூன்று கிழிசல்களை யோசிக்க வேண்டும். வெளிச்சுவர்க் கிழிசலில் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், இதய ஒலி மங்கும், மர்மர் இருக்காது. மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசைத்தூண் அறுந்தால் நுரையீரல் நொடியில் நீரில் மூழ்கிவிடும், நோயாளியால் படுக்கவே முடியாது. ஆனால் மர்மர் மெல்லியதாக, சில சமயம் கேட்காமலே கூட இருக்கும். அது பெரும்பாலும் இதயத்தின் அடிச்சுவர் மாரடைப்பில் வருவது. இடைச்சுவர்க் கிழிசலில் மர்மர் சத்தமாக இருக்கும், கையில் அதிர்வு தெரியும், அழுத்தம் இவ்வளவு விழுந்தும் ஓரளவு படுக்க முடியும். இவர் சற்றே சாய்த்த தலையணையில் படுத்திருந்தார்.

எக்கோ கருவியைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வந்தோம். இதய நுனியை ஒட்டிய இடைச்சுவரில் 11 மில்லிமீட்டர் இடைவெளி. இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரில் இடமிருந்து வலமாக ஒரு பீய்ச்சல். வலது கீழறை வீங்கத் தொடங்கியிருந்தது. உறைக்குள் நீர் இல்லை.

அடுத்த மூன்று மணி நேரம்

அழுத்தம் குறைந்தவருக்கு சலைன் ஓட்டுவது கைப்பழக்கம். டியூட்டி டாக்டர் தொடங்கியிருந்த 250 மில்லியை நிறுத்தச் சொன்னேன். ஏற்கெனவே கூடுதல் இரத்தம் வந்து திணறும் வலது கீழறைக்கு இன்னும் சுமை வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஒரு இக்கட்டு. இரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றினால், இடது கீழறைக்கு முன்வாசல் நெருக்கடியாகி இரத்தம் ஓட்டை வழியாக அதிகம் பாயும். குழாய்களை விரித்தால் ஓட்டை வழிப் பாய்ச்சல் குறையும், ஆனால் 84 இருக்கும் அழுத்தம் இன்னும் விழும். இதற்கு நல்ல விடை இன்ட்ரா அயோர்ட்டிக் பலூன் பம்ப், அதாவது பெருந்தமனிக்குள் இருந்து துடிப்புக்கேற்ப ஊதிச் சுருங்கி இதயத்தின் சுமையைக் குறைக்கும் பலூன். அது எங்களிடம் இல்லை. அழுத்தம் மேலும் விழாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலின் கொடுத்தோம், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஏற்றவில்லை. இனாக்ஸாபெரினையும் க்ளோபிடோக்ரெலையும் நிறுத்தினோம். ஆஸ்பிரின் தொடர்ந்தது.

வெறும் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பாமல், இதய அறுவை சிகிச்சை நிபுணரிடமே நேரடியாகத் தொலைபேசியில் பேசினேன். "மாரடைப்பு, ஷாக்" (அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு இரத்தம் போதாத நிலை) என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவர் அவசரப் பிரிவில் இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கியிருப்பார். "இடைச்சுவர் கிழிந்திருக்கிறது, நுனிப் பகுதி, 11 மில்லிமீட்டர், இன்று காலை" என்று சொன்னதால் கேத் லேப் தயாராகக் காத்திருந்தது.

குடும்பத்தாரிடம் பேசுவது கடினமாக இருந்தது. மகனும் மகளும் நின்றார்கள். இதயத்தின் உள்சுவர் கிழிந்துவிட்டது, மருந்தால் மூடாது, ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது உறுதியில்லை, செய்யாவிட்டால் ஏறக்குறைய நிச்சயமாகப் பிழைக்க மாட்டார் என்று சொன்னேன். மகன் கேட்டார்: "நேத்து இட்லி சாப்பிட்டாங்களே சார்?" அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. மகள், "ஞாயித்துக்கிழமையே கூட்டி வந்திருந்தா இது வந்திருக்காதா சார்?" என்றார். பொய் சொல்லவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைந்திருக்கும் என்றேன். ஆனால் வாயு என்று நினைத்தது அவர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பதையும் சொன்னேன்.

சீக்கிரம் இரத்தக்குழாயைத் திறந்தால் எவ்வளவு குறைகிறது என்பதற்கு எண்கள் உண்டு. கட்டி கரைக்கும் மருந்துகள் வருவதற்கு முன், மாரடைப்பு வந்த நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேருக்கு இடைச்சுவர் கிழிந்தது. அந்த மருந்துகளை ஒப்பிட்ட குஸ்டோ-1 ஆய்வில் 41,021 பேரில் 84 பேருக்குத்தான் கிழிந்தது. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு.

9.15-க்கு 108 கிளம்பியது. டியூட்டி டாக்டர் உடன் போனார்.

மருத்துவக் கல்லூரியில்: வெட்டுவதா, காத்திருப்பதா

பலூன் பம்ப் வைத்தார்கள். ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முன்பக்க இறங்கு குழாய் முழுதாக மூடியிருந்தது, மற்ற இரண்டும் சுத்தம். நுரையீரலுக்குப் போகும் இரத்தம் உடலுக்குப் போவதைவிட 2.4 மடங்கு. பலூன் பம்ப் ஓடத் தொடங்கிய ஆறு மணி நேரத்தில் சிறுநீர் மணிக்கு 40 மில்லிக்கு ஏறியது, உறுப்புகளுக்கு இரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 4.6-லிருந்து 2.1-க்கு இறங்கியது.

அங்கேதான் இந்த நிகழ்வின் மிகக் கடினமான கேள்வி வந்தது. உடனே மூடினால், பஞ்சு போலிருக்கும் தசையில் தையல் நிற்காது. "ஊறின அப்பளத்துல தையல் போடுற மாதிரி" என்றார் அறுவை நிபுணர். காத்திருந்தால் ஓரங்கள் இறுகும், ஆனால் அதற்குள் சிறுநீரகமும் கல்லீரலும் போய்விடலாம், ஓட்டை பெரிதாகலாம்.

1956-ல் அமெரிக்காவில் டென்டன் கூலி இந்த ஓட்டையை முதன்முதலாக அறுவை சிகிச்சையில் மூடினார். அதற்குப் பின் பல வருடம், சில வாரங்கள் தாக்குப்பிடித்தவர்களுக்கு மட்டுமே அறுவை செய்வது வழக்கமாக இருந்தது. பிறகு, காத்திருக்கையில் பெரும்பாலோர் இறந்துவிடுகிறார்கள் என்பதால் உடனே செய்யும் போக்கு வந்தது. அமெரிக்க நெஞ்சு அறுவை நிபுணர்களின் பதிவேட்டிலிருந்து 2012-ல் வெளியான 2,876 பேரின் கணக்கில், மொத்த இறப்பு ஏறத்தாழ 43 சதவீதம். மாரடைப்பு வந்த ஏழு நாளுக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் இறப்பு 54 சதவீதம், அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 18 சதவீதம். இதைப் பார்த்துக் காத்திருப்பதே மருந்து என்று நினைப்பது தவறு. காத்திருக்க முடிந்தவர்கள்தான் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்கள். முடியாதவர்கள் முதல் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார்கள், அல்லது அறுவை அரங்குக்கே வரவில்லை. ஷாக்கோடு வந்தவர்களை மட்டும் பதிவு செய்த ஷாக் பதிவேட்டில் இடைச்சுவர் கிழிந்தவர்களின் இறப்பு 87 சதவீதம்.

ஆக, கேள்வியை அந்தக் குழு இப்படி வைத்துக்கொண்டது: இவரால் காத்திருக்க முடிகிறதா? பலூன் பம்புக்கு உடல் பதில் சொல்லும்வரை காத்திருக்கலாம். சிறுநீர், லாக்டேட், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் க்ரியாட்டினின் மூன்றையும் ஆறு மணிக்கொரு முறை பார்ப்போம். எதிர்த்திசையில் திரும்பினால் அன்றே அரங்கு. க்ளோபிடோக்ரெல் உடலைவிட்டுப் போகவும் ஐந்து நாள் கிடைக்கும். நாட்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு காத்திருப்பதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஐந்து நாள் தாங்கினார். பலூன் பம்ப் இருப்பவர்களுக்கு ஆவது போல பிளேட்லெட் 78,000-க்கு இறங்கியது. ஆறாம் நாள் லாக்டேட் மறுபடி 3.4, க்ரியாட்டினின் 2.3. ஏழாம் நாள் காலை அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பிலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டாம் நாள்.

அறுவையும் பின்பும்

செத்த முன்சுவர் வழியாகவே இடது கீழறையைத் திறந்து, மாட்டு இதய உறையில் செய்த பெரிய ஒட்டுத்துண்டை, ஓட்டையின் ஓரத்தில் தைக்காமல் தள்ளி, உயிருள்ள தசையில் தைத்தார்கள். ஓரங்கள் வெளுத்து இறுகத் தொடங்கியிருந்ததாக அறுவை நிபுணர் குறிப்பில் எழுதியிருந்தார். ஐந்து மணி நேரம் ஆனது.

பிறகு நடந்தது எளிதாக இல்லை. நான்கு நாள் வென்டிலேட்டர், மூன்று தடவை டயாலிசிஸ், மார்புக் காயத்தில் கிருமித் தொற்று. ஒரு கட்டத்தில் மகள் என்னை அழைத்து, "அம்மாவ இவ்வளவு பாடுபடுத்துறமே சார், தப்புப் பண்ணிட்டமோ?" என்று அழுதார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவில் கைகொடுத்தது. ஆனால் ஐந்து வாரம் வெளியூரில் தங்கியதில் மகள் பார்த்துவந்த வேலை போய்விட்டது. இத்தகைய நிகழ்வுகளை எழுதும்போது இந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பினார். எக்கோவில் ஒட்டின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் சிறு கசிவு. பம்ப் திறன் 35 சதவீதம், மாறவில்லை.

இப்போது வேறாகச் செய்வது

தாமதமாக வந்த பெரிய முன்சுவர் மாரடைப்பு எதையும் இனி நான் எங்கள் வார்டில் சீராகட்டும் என்று வைத்துக்கொள்வதில்லை. சீராக இருக்கும்போதே அனுப்புகிறேன். இடைச்சுவர் கிழிவதை அது தடுக்காது. கிழியும்போது அவர் பலூன் பம்பும் அறுவை அரங்கும் உள்ள கட்டடத்தில் இருப்பார். இவர் விஷயத்தில் ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்து மணி நேரம் டயாலிசிஸைத் தவிர்த்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது.

மாரடைப்பு நோயாளிகளின் கேஸ் ஷீட்டில் முதல் ஏழு நாளுக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: மர்மர் உண்டா, இல்லையா, கேட்டவர் பெயர், நேரம். காலையிலும் இரவிலும். கை கால் குளிர்ச்சியையும் சிஸ்டர்கள் அதே கட்டத்தில் எழுதுகிறார்கள். அன்றிரவு பணியிலிருந்த சிஸ்டர் கண்டுபிடித்தது அதைத்தானே.

அந்த கிளினிக் மருத்துவரைச் சந்தித்துப் பேசினேன். குறை சொல்லப் போகவில்லை. நடந்ததைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நாற்பது வயது தாண்டியவர் தொப்புளுக்கு மேல் எங்கே வலி என்று வந்தாலும் இப்போது ஈ.சி.ஜி. எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்குப் படம் அனுப்புகிறார். எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதயம் காப்போம் திட்டத்தின் லோடிங் டோஸ் (மாரடைப்பு என்றதும் உடனே கொடுக்கும் முதல் தவணை) மாத்திரைகள் இருக்கின்றன என்பதை அவருக்கும், பூக்கட்டும் பெண்கள் சங்கத்திலும் சொல்லிவருகிறேன். ஓமத் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்கிறேன்.

ஏழாம் மாதம்

கடந்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். தெருமுனைக் கோயில் வரை நிற்காமல் நடக்கிறார், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திண்ணையில் உட்கார்ந்து பழையபடி சரம் கட்டுகிறார், பாதி அளவுதான். மாத்திரைகளை மகள் ஒரு பழைய ஸ்வீட் டப்பாவில் நாள்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

மார்பெலும்பின் இடது ஓரத்தில் மெல்லிய மர்மர் ஒன்று இருக்கிறது, அந்த 3 மில்லிமீட்டர் கசிவின் ஒலி. கையில் அதிர்வு இல்லை. அதன் இடம், அளவு, தேதி எல்லாவற்றையும் அவருடைய நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்றைக்காவது ஒரு இரவில் வேறு யாராவது அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், அங்கே கேட்பது பழையதா புதியதா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.